எதிர்க்கரையில் ஆடுபவர்

பங்குனி மாதத்துப் பின்னேரமொன்றில் கஜானன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியின் குசினிக்குள் வந்து நின்றான். கையில் ஃபோன் இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணி, அண்ணை ஒன்லைனிலை நிக்கிறார்."

மீன் கழுவிக்கொண்டிருந்த தனுஷிகா கையை உதறிவிட்டுத் திரும்பினாள். அவன் ஃபோனை நீட்டினான். அதில் ஒரு விளையாட்டு திறந்திருந்தது. நண்பர்களின் பெயர்களுக்கு நடுவில் அவளுடைய கணவன் பிரகலாதனின் பெயர். அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

பிரகலாதன் அதற்கு முந்தின மார்கழிக்கு முந்தின மார்கழியில் வல்வெட்டித்துறையிலிருந்து கடலுக்குப் போனவன். அடைக்கலநாதன் என்ற தொழிலாளியும் அதே படகில் போனார். இருவரும் திரும்பவில்லை. சில நாட்களின் பின் காங்கேசன்துறைப் பக்கத்தில் படகின் முன்பாதி மட்டும் ஒதுங்கியது. உடல்கள் ஒதுங்கவில்லை. கடற்படையிடம் கேட்டார்கள். இந்தியாவில் எந்தச் சிறையிலாவது இருக்கிறார்களா என்று ஆள்விட்டு விசாரித்தார்கள். எங்கேயும் இல்லை. உடம்பைக் காணாமல் அந்தியேட்டி என்ற ஈமக்கிரியையைச் செய்யக்கூடாது என்று பிரகலாதனின் தாய் இரத்தினம்மா பிடிவாதமாக நின்றுவிட்டார். அதனால் தனுஷிகா பொட்டும் தாலியுமாகவே இருந்தாள். ஆனால் கலியாண வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. செத்த வீடுகளில் அவளைப் பார்த்தவர்கள் எந்தப் பக்கம் இருக்கச் சொல்வதென்று தெரியாமல் திணறினார்கள்.

"வேறை ஆரும் அவற்றை பேரிலை விளையாடுகினமோ?" என்றாள் தனுஷிகா.

"ஏலாது அண்ணி. அண்ணை கடவுச்சொல் ஒண்டும் போடேல்லை. அந்த ஃபோன் கையிலை இல்லாட்டி அந்தக் கணக்குத் திறக்காது."

அந்த ஃபோன் பொலித்தீன் பையில் சுற்றிப் பிரகலாதனின் இடுப்பில் கட்டியபடி கடலுக்குப் போனது. கட்டிவிட்டதே அவள்தான்.

விளையாட்டின் பெயர் 'ஆழ்கடல்'. இரண்டு பேர் ஆளுக்கொரு கப்பலை வைத்துக்கொண்டு சீட்டுகளால் மோதும் ஆட்டம். அதில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் எழுதிக் கதைக்க முடியாது. தொட்டு அனுப்பக்கூடிய ஆறு சொற்கள்தான் உண்டு: வணக்கம், நன்றி, நல்ல ஆட்டம், அபாரம், மன்னிக்கவும், யோசிக்கிறேன். எதையாவது கேட்க வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு அழைக்க வேண்டும்.

கஜானன் அழைத்தான். அழைப்பு ஏற்கப்பட்டது. திரை முழுவதும் நீலமாக விரிந்தபோது அவன் தன்னை மறந்துவிட்டான். வணக்கம், வணக்கம், வணக்கம் என்று விடாமல் தட்டினான். தன் முறை வந்தபோது சீட்டு எதையும் போடவில்லை. "அண்ணை! அண்ணை!" என்று ஃபோனைப் பார்த்துக் கத்தினான். எதிர்ப்பக்கம் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. கொஞ்சநேரத்தில் ஆட்டம் நின்றது. கஜானனின் நண்பர் வரிசையிலிருந்து பிரகலாதனின் பெயரும் மறைந்துபோனது. திரும்பச் சேர்க்கப் பார்த்தபோது, இவர் 'கப்பலோட்டி' தரத்துக்குக் குறைந்தவர்களின் அழைப்பை ஏற்பதில்லை என்று வந்தது. கஜானன் அந்தத் தரத்துக்கு எத்தனையோ படி கீழே இருந்தான்.

தனுஷிகா அவனைத் திட்டவில்லை. மீனைக் கழுவி முடித்தாள். குழம்பை வைத்தாள். பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு சந்திக்குப் போனாள்.

சந்தியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்த லவீனா அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி. கடைக்கு வரும் பெடியன்களெல்லாம் அவளோடு ஆடித் தோற்றுவிட்டுப் போவார்கள். தனுஷிகா வந்த காரணத்தைக் கேட்டதும் அவள் கையிலிருந்த சின்னத் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு முந்தி காட்ஸ் விளையாடத் தெரியுமோ?"

"முந்நூற்றுநாலு விளையாடுவன். வீட்டிலை எல்லாரும் விளையாடுவம்."

"அப்ப பாதி தெரியும். மற்றப் பாதி பொறுமை."

சித்திரை முழுவதும் தனுஷிகா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் போய் இருந்தாள். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஓர் அலை கூடுதலாகக் கிடைக்கும், பெரிய சீட்டுக்கு நிறைய அலை வேண்டும் என்று லவீனா தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாள். தனுஷிகா முதலில் எல்லோரையும்போலக் கையில் வந்ததையெல்லாம் உடனே இறக்கினாள். பிறகு எதிராளியின் ஒரே 'வலை'ச் சீட்டில் எல்லாவற்றையும் பறிகொடுத்தாள்.

"ஏன் எல்லாத்தையும் வெளியிலை விட்டனீங்கள்?" என்று லவீனா கேட்பாள். "அவன்ரை கையிலை என்ன இருக்குமெண்டு நினையுங்கோ. அவன் இவ்வளவு நேரமும் ஏன் அதைப் போடேல்லை? எதுக்குப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறான்? உங்கடை காட்டைப் பாக்கிறதிலும் பாக்க, அவன் போடாத காட்டைப் பாருங்கோ."

ஆட்ட விதிகளைவிட ஆட்ட மரியாதையில்தான் லவீனா கண்டிப்பாக இருந்தாள். தொடங்கும்போது ஒருதரம் வணக்கம் சொல்ல வேண்டும். மறுதரம் சொன்னால் அது நக்கல். திரையின் நடுவில் ஒரு கயிறு உண்டு. ஒருவர் தன் முறையை இழுத்தடித்தால் அது எரியத் தொடங்கும். எரிந்து முடிந்தால் முறை பறிபோகும். யோசிக்க ஒன்றுமில்லாதபோது அந்தக் கயிற்றை எரியவிடக் கூடாது. வெல்லப்போகிறோம் என்று தெரிந்தால் எதிராளியை வைத்து விளையாட்டுக் காட்டாமல் உடனே முடித்துவிட வேண்டும். தோற்றால் இணைப்பை அறுத்துக்கொண்டு ஓடக் கூடாது. நல்ல ஆட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

"ஆளைத் தெரியாது, முகத்தைத் தெரியாது. ஆனா அங்காலை ஒரு சீவன் இருக்கு அக்கா. அதை மறக்கக் கூடாது."

வைகாசி கடைசியில் தனுஷிகா கப்பலோட்டித் தரத்துக்கு வந்தாள். அன்றைக்கு வீட்டில் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். சோளகக் காற்று கிணற்றடி வாழையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. தனுஷிகா முன்கூடத்துக் கதிரையில் இருந்து அழைப்பை அனுப்பினாள். உடனே ஏற்கப்பட்டது.

வணக்கம், என்று அனுப்பினாள். ஒரே ஒருதரம்.

வணக்கம், என்று வந்தது.

கதிரைச் சட்டத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு முதல் சீட்டைப் போட்டாள். எதிர்ப்பக்கம் ஆடிய விதம் கஜானன் சொன்ன அண்ணையின் விதம்தான். முதலில் சின்னத் தோணிகள். பிறகு மூன்று திருக்கைகளை வரிசையாக இறக்குவது. நங்கூரத்தைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது. ஆனால் ஆட்டம் மிகவும் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் நடந்தது. எதிர்ப்பக்கத்தின் முறை வந்ததும் கயிற்றின் நுனியில் நெருப்புப் பிடித்தது. அந்த நெருப்பு அங்கேயே நின்றது. கயிறு எரியவில்லை. வெளியே வெயில் ஒரு தூணிலிருந்து மற்றத் தூணுக்கு நகர்ந்தது. நெருப்பு நகரவில்லை. யோசிக்கிறேன், என்று வந்தது. நெடுநேரத்தின் பின் ஒரு சீட்டு விழுந்தது. அவளுடைய கப்பலை அது தாக்கியதும், மன்னிக்கவும், என்று வந்தது.

அடுத்த அடிக்கும் மன்னிக்கவும். அதற்கடுத்த அடிக்கும் அதே சொல்.

தனுஷிகா தோற்றாள். நல்ல ஆட்டம் என்று அனுப்பிவிட்டு ஃபோனைக் கீழே வைத்தபோது திரை பிசுபிசுத்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். துணியில் வெள்ளையாக உப்புப் படிந்தது. கடற்கரை வீட்டில் எல்லாம் உப்புப் பிடிக்கும்தான். என்றாலும் அன்றைக்குக் காற்று கடலிலிருந்து வீசவில்லை, தரையிலிருந்து வீசியது.

அடுத்தடுத்த ஆட்டங்களை லவீனாவும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அசையாத நெருப்பைக் கண்டதும் தன் ஃபோனை எடுத்து எதையோ தேடினாள். "உது நடக்கவே நடக்காது," என்று மட்டும் சொன்னாள். பிறகு நாடியில் கைவைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். நாலாவது ஆட்டம் முடிந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, கோவிக்காதையுங்கோ. உது பிரகலாதன் அண்ணை இல்லை."

"அவற்றை ஆட்டம்தானே உது?"

"ஆட்டம் அவற்றைதான். ஆனா விளையாடுறது வேறை ஆள். நங்கூரத்தைப் பாருங்கோ. ஏன் பிடிச்சு வைக்கவேணுமெண்டு தெரிஞ்ச ஆள், பிடிக்கத் தேவையில்லாத நேரம் போட்டிடுவார். உவர் தேவையில்லாட்டிலும் வைச்சிருக்கிறார். ஆரோ வைச்சிருக்கச் சொல்லிக் குடுத்திருக்கினம். உவர் படிப்பிச்ச ஆள் இல்லை அக்கா. படிச்ச ஆள்."

அன்று பின்னேரம் தனுஷிகா இதைக் கஜானனிடம் சொன்னாள்.

"அண்ணை அடிச்சா ஒரேயடியா அடிப்பார்," என்றான் அவன். "மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டார். வலையை விட்டுப்போட்டுச் சும்மா இருக்கிற நேரத்திலை அடைக்கலநாதன் அண்ணைக்குப் படிப்பிக்கிறனெண்டு சொல்லிச் சிரிச்சவர். 'அந்தாள் ஒரு காட்டைப் போட ஒரு யுகம் எடுக்குதடா, ஒவ்வொரு அடிக்கும் என்னட்டை மன்னிப்புக் கேக்குதடா' எண்டவர்."

எதிர்ப்பக்கத்தில் இருப்பது அடைக்கலநாதன் என்று விளங்கியதும் தனுஷிகா ஃபோனை அணைத்து வைத்தாள்.

இரண்டு நாள் அவள் ஃபோனைத் தொடவில்லை. மாமியாருக்கு எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில், இனித் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. சீட்டுக் கட்டில் 'மாலுமி' என்ற சீட்டை இரண்டு எடுத்து வைத்தாள். நல்ல ஆட்டக்காரர் யாரும் கட்டில் வைக்காத பலவீனமான சீட்டு அது. ஆட்டத்தின் நடுவில், தன் பக்கத்தை முழுவதும் வெறுமையாக்கிவிட்டு, இடப்பக்கத்தில் பிரகலாதனையும் வலப்பக்கத்தில் அடைக்கலநாதனையும் மனதில் நினைத்து, இரண்டு மாலுமிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். தன் முறையை முடித்தாள். காத்திருந்தாள்.

கயிற்றின் நுனியில் நெருப்புப் பிடித்து நின்றது.

எதிர்ப்பக்கத்திடம் வலை இருந்தது. முந்தின முறையே அது வெளியே கிடந்தது. இரண்டு மாலுமிகளையும் ஒரே வீச்சில் அள்ளியிருக்கலாம். அள்ளவில்லை. ஒன்றை மட்டும் தாக்கும் 'பேரலை' என்ற சீட்டை எடுத்தது. இடதுபக்கத்து மாலுமியின் மேல் மட்டும் போட்டது. மாலுமி கையைத் தூக்கியபடி கீழே போனான். மற்றவன் தனியே நின்றான். எவ்வளவு நேரமென்று தெரியாத நேரம் அவன் அப்படியே நின்றான். பிறகு எதிர்ப்பக்கத்தின் இரண்டாவது பேரலை அவனையும் எடுத்தது.

மன்னிக்கவும்.

தனுஷிகா அழவில்லை. நன்றி, என்று அனுப்பினாள். ஆட்டத்திலிருந்து முறையாக விலகினாள்.

இதை லவீனாவிடம் சொன்னபோது அவள் சங்கடத்துடன் நெளிந்தாள். "வலையை வீச அலை காணாமல் இருந்திருக்கும் அக்கா. அந்த இடத்திலை நானும் உப்பிடித்தான் விளையாடியிருப்பன்." தனுஷிகா மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குள் எதுவோ முடிந்திருந்தது. அன்றிரவு அவள் நீண்ட காலத்துக்குப் பிறகு நன்றாக உறங்கினாள். விடிந்ததும் மாமியாரிடம் போய், "மாமி, அவர் போயிட்டார். அவர்தான் முதல் போனவர். கன நேரம் கஷ்டப்படேல்லை," என்றாள். எப்படித் தெரியும் என்று இரத்தினம்மா கேட்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "கீரிமலைக்கு எப்ப போவம்?" என்றார்.

கீரிமலையில் அந்தியேட்டிக்கு நாள் பார்த்தாயிற்று. அதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்று பாக்கியிருப்பதாகத் தனுஷிகாவுக்குப் பட்டது. அடைக்கலநாதனின் மனைவி மக்டலீனுக்குச் சொல்ல வேண்டும். தன் மனம் ஆறியதுபோல அவளுடைய மனமும் ஆறும் என்று நினைத்தாள்.

மக்டலீனின் வீடு பருத்தித்துறைப் பக்கம், கடலைப் பார்த்த ஒழுங்கையில் இருந்தது. தனுஷிகா போன நேரம் முற்றத்தில் பெட்டிகள் கட்டியிருந்தன. மக்டலீன் ஒரு வருஷம் கறுப்பு உடுத்து, ஆண்டுத் திவசப் பூசையும் ஒப்புக்கொடுத்து, இப்போது நிறச் சேலைக்கு மாறியிருந்தாள். பள்ளிக்கூடம் போகும் மகளையும் கூட்டிக்கொண்டு மன்னாரில் இருக்கும் தமையனுடன் போய் இருக்கப்போவதாகச் சொன்னாள்.

"இஞ்சை இருந்தா ஒவ்வொரு நாளும் கடலைப் பாக்கவேணும் பிள்ளை. இனிப் போதும்."

அந்த இடத்திலேயே தனுஷிகா எழும்பி வந்திருக்கலாம். ஆனால் அவள் ஃபோனை எடுத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். மக்டலீன் பாதி கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். செத்த ஆளை வைத்துப் பகிடி விடாதே என்றாள். "ஒருக்காப் பாருங்கோ அக்கா," என்று தனுஷிகா அழைப்பை அனுப்பினாள்.

அந்த ஆட்டத்தில், எதிராளி தன் கையிலுள்ள சீட்டுகளில் எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்று நமக்கு ஒரு சின்ன ஒளி காட்டும். சீட்டின் முகம் தெரியாது, முதுகில் ஒளி மட்டும் நகரும். தனுஷிகா அதைப் பெரிதாகக் கவனித்ததில்லை. மக்டலீன் அதைத்தான் பார்த்தாள். ஒளி வலப்பக்கத்துச் சீட்டில் தொடங்கியது. ஒவ்வொன்றாக இடப்பக்கம் போனது. திரும்பி நடுவுக்கு வந்தது. நடுச் சீட்டில் இரண்டுதரம் தட்டியது. மறுபடியும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கியது.

மக்டலீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வலை பாக்கேக்கை உப்பிடித்தான்," என்றாள். "வலப்பக்கத்தாலைதான் எண்ணுவார். நடுவுக்கு வந்து ரெண்டு தரம் தட்டுவார். எத்தினை தரம் பேசியிருப்பன், ஏனப்பா தட்டுறியள் எண்டு."

அவள் ஃபோனைப் பறிப்பதுபோல வாங்கினாள். ஆட்டம் அவளுக்குத் தெரியாது. விரல் பட்ட சீட்டு எதுவோ விழுந்தது. மோசமான இடத்தில் விழுந்தது. எதிர்ப்பக்கத்தின் ஒளி சட்டென்று நின்றது.

கனநேரம் எதுவுமே நடக்கவில்லை. பிறகு, வணக்கம், என்று வந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவரும் வணக்கம் சொல்வதில்லை.

அதன்பிறகு நடந்ததைத் தனுஷிகாவால் ஆட்டம் என்று சொல்ல முடியவில்லை. எதிர்ப்பக்கம் தன் காவல் தோணிகளை ஒவ்வொன்றாக விலக்கியது. மக்டலீன் எதைத் தொட வேண்டுமோ அதற்கு நேரே வழியைத் திறந்துவிட்டது. அவள் பிழையாகத் தொட்டால் மறுபடியும் அதே வழியைத் திறந்தது. அவசரப்படவில்லை. ஒருதரம்கூட அடிக்கவில்லை. கடைசியில் மக்டலீன் வென்றாள். எதிர்க்கப்பல் மூழ்குவதைக் கண்டு சின்னப்பிள்ளைபோலச் சிரித்தாள்.

நல்ல ஆட்டம், என்று வந்தது.

"இதை என்ரை ஃபோனிலை போட்டுத்தா பிள்ளை," என்றாள் மக்டலீன்.

தனுஷிகா போட்டுக்கொடுத்தாள். புதிதாய்த் தொடங்கியவர்களின் அழைப்பை ஏற்காத அந்தக் கணக்கு மக்டலீனின் அழைப்பைத் தாமதமில்லாமல் ஏற்றது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது தனுஷிகாவின் நண்பர் வரிசையில் பிரகலாதனின் பெயர் இல்லை.

கீரிமலையில் காரியங்கள் முடிந்தன. தனுஷிகா தாலியைக் கழற்றினாள். அழுது முடித்தாள். மீனவர் சங்கத்தில் ஒரு வேலைக்குக் கேட்டிருந்தார்கள். போனாள். ஆவணியில், சங்க விஷயமாகப் பருத்தித்துறைக்குப் போனவள் மக்டலீன் இருந்த ஒழுங்கையைக் கடந்தாள். வீடு பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தாள். கதவு திறந்திருந்தது. முற்றத்துப் பெட்டிகளின் கட்டுகள் அவிழ்க்கப்பட்டிருந்தன. அலுமாரிக்குள் ஆம்பிளைச் சேர்ட்டுகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருப்பது வாசலில் நிற்கவே தெரிந்தது.

"மன்னாருக்குப் போகேல்லையோ அக்கா?"

"என்னண்டு போறது? அவர் இருக்கேக்கை?" மக்டலீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெலிந்திருந்தாள். "அண்ணை வாகனத்தோடை வந்தவர். திருப்பி அனுப்பிப்போட்டன்."

"அக்கா, அவர்…"

"எனக்குத் தெரியும் பிள்ளை. எல்லாம் தெரியும். உனக்கு ஒரு மறுமொழி வந்தது, நீ உன்ரையை முடிச்சுப்போட்டாய். எனக்கு மறுமொழி வேண்டாம். ஆள் இருந்தாக் காணும்." பிறகு பெருமையோடு சொன்னாள்: "இப்ப நான் நல்லா விளையாடுவன். முந்திமாதிரி என்னைச் சும்மா வெல்ல விடுறாரில்லை."

கோயிலில் அடைக்கலநாதனின் பெயரில் ஒப்புக்கொடுக்கும் பூசையை அவள் நிறுத்தச் சொல்லிவிட்டாள் என்று அயலில் சொன்னார்கள். தனுஷிகா சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை நடந்தாள். தான் இறக்கி வைத்த பாரத்தைக் கொண்டுபோய் இவளின் தலையில் ஏற்றிவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. லவீனாவிடம் போய், எப்படியாவது அந்தக் கணக்கை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். லவீனா விளையாட்டுக்காரர்களுக்கு எழுதிப் போட்டாள். அந்தக் கணக்கு இருபது மாதமாகத் திறக்கப்படவேயில்லை என்று பதில் வந்தது.

கார்த்திகையில் காற்று வாடைக்குத் திரும்பியது. வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று மக்டலீன் ஃபோனைக் கொண்டுபோய்க் கரையில் குந்தியிருந்து ஆடத் தொடங்கினாள். முதலில் வள்ளங்கள் ஏற்றி வைக்கும் மேட்டில் இருந்தாள். பிறகு அதற்குக் கீழே ஈர மணலில் இருந்தாள். ஒருநாள் தனுஷிகா பார்க்கப் போனபோது சேலைக் கரை நனைந்திருந்தது. அலை வந்து முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனது. அவள் அசையவில்லை.

"எழும்புங்கோ அக்கா. தண்ணி ஏறுது."

"கொஞ்சம் பொறு. அவற்றை முறை."

தனுஷிகா அவளை இழுக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்த மெலிந்த உடம்பு மணலில் புதைத்த கல்லைப்போல இருந்தது. கடைசியில் செருப்பைக் கழற்றி மேட்டில் வைத்துவிட்டு வந்து, மக்டலீனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்தாள். அலை முதலில் இவளுடைய முதுகில் அடித்தது.

இப்போது அவள் சங்க வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போகிறாள். போய் அதே இடத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாள். மக்டலீனின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்கிறாள். திரையைப் பார்ப்பதில்லை. பின்னேர வகுப்பு முடிந்து மகள் வந்து மேட்டில் நின்று, "அம்மா" என்று கூப்பிடும்வரை அப்படியே இருக்கிறாள்.

சில நாட்களில் மக்டலீன் அந்தக் குரலுக்கு உடனே எழும்பிவிடுவாள். சில நாட்களில் பிள்ளை இரண்டு மூன்றுதரம் கூப்பிட வேண்டியிருக்கிறது.